கொடியில் ஒரு ஹங்கர் அதிகம்

வாடகை ஒப்பந்தத்தில் ஏழாவது நிபந்தனை,
சுவரில் ஆணி அடிக்கப்படாது.
எட்டாவது,
கூரையில், தண்ணீர்த் தாங்கியில், முருங்கை மரத்தில்
ஒன்றும் கட்டப்படாது.
கல்லடி, கடலுக்கு மூன்றாம் ஒழுங்கை, மேல்மாடி.
தனியாள், பெண், நில அளவைத் திணைக்களம்.
கையொப்பம் வைத்தேன்.
எழுதாமல் விட்ட ஒன்பதாவது,
ஆண்குரல் கேட்கப்படாது.

ஆகவே
உடுப்புக் கொடியில் ஒரு ஹங்கர் அதிகம்.
கம்பியை நிமிர்த்தி
அலுவலக நாடாவால் அளந்து
ஒரு கை நாற்பத்தொன்பது சென்ரிமீற்றர்,
மறு கையும் அப்படியே.
நூற்றிருபது பாகை விரித்து, நடுவில் வயர் இறக்கி,
பஸார் நடைபாதையில் வாங்கிய
முழுக்கைச் சட்டையை அதற்கு மாட்டினேன்.
இரண்டு கையையும் வானத்துக்கு விரித்தபடி
ஆளில்லாத சட்டை.

பகலில் ஊராரின் காணிக்கு எல்லைக்கல் வைப்பவள் நான்.
ஆறு வருடத்தில் நாலு வீடு:
ஊறணி, இருதயபுரம், நொச்சிமுனை, இது.
தபால்காரர் என்னைத் தொலைத்துவிட்டார்.
மேலே போகிறதற்கு மட்டும்
நவம்பர் ஜூலியட் சைபர் ஏழு.
பாகைக் கோடுகள் கீறிய ஒரு நீள்சதுரம்.
அதற்குள் எத்தனை தரம் சாமான் ஏற்றி இறக்கினாலும்
முகவரி மாறாது,
முற்பணம் கேட்காது.

விடிய ஐந்து பதினேழு.
தென்மேற்கில், வாவிப் பக்கமாய் எழும்பும்.
வரும்போது பத்து கிலோஹேர்ட்ஸ் கூட்டிப் பிடி,
தலைக்கு நேரே உள்ளபடி,
போகும்போது பத்துக் குறை.
பிரிவுக்கும் ஒரு கணக்கு உண்டென்று
யாரும் எனக்கு முன்னம் சொல்லியிருக்கவில்லை.
இரைச்சலுக்குள் ஒருவன்.
பண்டா ஆச்சே. அவனும் நவம்பர் ஜூலியட்,
எழுபத்தைந்தாம் கட்டம்.
எங்கள் இரண்டு கரைக்கும்
ஒரே காலையில் வந்ததைப் பற்றி
அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
அழைப்புக்குறி, கட்டம், செவன்ட்டி த்ரீ.
கடலுக்கு மேலே இறங்கிப் போயிற்று.

"என்ன புள்ள,
விடியச் சாமத்தில ஆம்பிளச் சத்தம்?"
கீழே குழாயடியில் பாக்கியக்கா.
"சட்டையும் தொங்குது.
மூண்டு கிழமையாக் காயாத சட்டை, ஆர்ர கா அது?"

லைசன்ஸைக் காட்டினேன்,
கொழும்பில் சோதனை எழுதி எடுத்தது, லெமினேட் செய்தது.
அவ அதைப் பார்க்கவில்லை.
சட்டைக் கொலருக்குக் கீழே இறங்கும்
கறுப்பு வயரைப் பார்த்தா.
"தொண்ணூறில
இந்த மாதிரி மூண்டு முழ வயருக்கு…"
குழாயைப் பூட்டினா.
வாளி பாதிதான் நிரம்பியிருந்தது.
"உள்ளுக்கு எடு."

எடுத்தேன்.
இரண்டு கிழமை
அது தன்பாட்டில் தலைக்கு மேலால் போனது.
நேரத்தை மட்டும் கலண்டரில் குறித்து வைத்தேன்,
வராத பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி.

போயா தினம், பின்னேரம்
படியில் செருப்புச் சத்தம்.
கையில் ஒரு பழைய நைலெக்ஸ் சீலை,
ஊதா, கரையில் பூ.
"ஆம்பிளச் சட்டையப் போட்டா ஊர் கதைக்கும்.
இதப் போடு, றோட்டுக்கு மறைக்கும்."
அப்படியே நின்றா.
"எத்தின மணிக்கு வருவான்?"
அவன் இல்லை அக்கா, அது.
"சரி, அது எத்தின மணிக்கு?"

அடுத்த நாள் ஐந்து மணிக்கே
பிளேன்டீக் கோப்பையோடு மேலே வந்து
கதிரையைக் கொடிக்குக் கிட்ட இழுத்தா.
அன்று மூன்று பாகைக்கு மேல் எழும்பவில்லை.
ஒரு கரகரப்பு, பாதி இலக்கம்,
பிறகு தென்னோலைச் சத்தம்.
"இவ்வளவுதானா?" என்றா.
இவ்வளவுதான்.
"எங்க இருந்து கதைச்சவன்?"
தெரியாது.
கொஞ்ச நேரம் றேடியோவையே பார்த்திருந்தா.
"பாவம், ஆரத் தேடினானோ."

தையில் வாடகை ஆயிரத்தைந்நூறு கூடிற்று.
புது ஒப்பந்தத்திலும்
எட்டாவது நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது.